நின்ற இடத்தில் உறுமும் கார்: பழைய வண்டியின் ஐடிலிங் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும், அதாவது ஐடிலிங்கில், இன்ஜின் 1500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) விட்டு இறங்க மறுக்கிறது. அல்லது 1000-க்கும் 2000-க்கும் நடுவே ‘ஊம்... ஊம்...’ என்று தானே ஏறுகிறது, தானே இறங்குகிறது. முன்னதை ‘ரேஸிங்கா இருக்கு’ என்பார்கள் மெக்கானிக்குகள், பின்னதை ‘ஹன்டிங்’ என்பார்கள். கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்த காலத்துக் கார்கள், அதாவது மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, ஐக்கான் தலைமுறை வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரப்பரும் பிளாஸ்டிக்கும் 20 வருட வெயிலைத் தின்ற பிறகு இந்தத் தொல்லை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒர்க்‌ஷாப்பில் இதற்கு வழக்கமாக இரண்டு வைத்தியம் நடக்கும். ஒன்று, இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி ‘செட்’ பண்ணிக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. முதலாவது கோளாறை மறைக்கும், இரண்டாவது காசைக் கரைக்கும். இரண்டிலுமே கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. உள்ளே போகும் காற்றின் அளவுக்கு ஏற்ப ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோலை ஊற்றும், அவ்வளவுதான். கால் பெடலில் இல்லாதபோது பட்டர்ஃப்ளை, அதாவது த்ராட்டில் பாடிக்குள் காற்றை மறிக்கும் தகடு, மூடியிருக்கிறது. அப்படியும் ஐடிலிங் ஏறினால், அதிகப்படிக் காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று பொருள். அது ஈசியூவே கேட்டு, ஐடில் வால்வைத் (மூடிய பட்டர்ஃப்ளையைச் சுற்றிக் கொஞ்சம் காற்று விடும் வால்வு) திறந்து உள்ளே விட்ட காற்றா? இல்லை, கிழிந்த ஹோஸ் வழியே நுழைந்த அழையா விருந்தாளியா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் வேலையில் முக்கால் பாகம் முடிந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விடையைத் தேடித்தான்.

கோளாறா, இயல்பா?

நன்றாகச் சூடேறிய நான்கு சிலிண்டர் இன்ஜின், ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்க, பொதுவாக 750 முதல் 900 ஆர்பிஎம்மில் நிற்கும். மூன்று சிலிண்டர் வண்டிகள் சற்றுக் கூடுதலாக வைத்திருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சில வண்டிகளில் பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் 1300, 1500 வரை போவது கோளாறல்ல. ஊட்டியில் மார்கழி அதிகாலை என்றால் அது பல நிமிடம் நீடிக்கும். சென்னை வெயிலில் சில நிமிடங்களில் படிப்படியாக இறங்கிவிட வேண்டும். ஏசி போட்டால் 100, 200 ஏறுவதும் திட்டமிட்டு வைத்ததுதான். சில கார்களில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது கிளட்ச்சை மிதித்தால் 1000-க்கு மேல் நின்று, முழுவதும் நின்ற பிறகுதான் இறங்கும். ஸ்பீட் சென்சார் பூஜ்யம் காட்டும்வரை ஈசியூ காத்திருக்கும்.

ஏசி போட்டால் மட்டும் ஏறி இறங்குகிறதா? கம்ப்ரசரின் ‘டக்’ சத்தத்தோடு சேர்ந்து பாருங்கள். டக் என்று பிடிக்கும்போது ஒரு நிலை, விடும்போது இன்னொரு நிலை என்றால் ஐடிலிங்கில் குறையில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை கம்ப்ரசர் கட் ஆகிறது என்றால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும். அது ஏசி மெக்கானிக்கின் வேலை.

மாருதி 800 போன்ற வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டரே இருக்காது. பிளக் ஒயரில் மாட்டும் சிறிய டாக்கோமீட்டரோ, ஆர்பிஎம் காட்டும் வாகன மல்டிமீட்டரோ கடன் வாங்குங்கள். காதை நம்பி ‘1200 இருக்கும்’ என்று ஊகிப்பவர்களை நம்ப வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர், மூக்குக் குறடு, பழைய துணி, தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டில், டார்ச், ஒரு டப்பா த்ராட்டில் பாடி கிளீனர். ஓபிடி டாங்கிள் (வண்டியின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் சிறு கருவி) இருந்தால் நல்லது. ஆனால் இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி விதி வந்ததே 2010-இல் பிஎஸ் 4 மாசு விதியுடன்தான், இரண்டாம் கட்டம் 2013-இல். அதற்கு முந்தைய வண்டிகளில் சந்தையில் கிடைக்கும் மலிவு டாங்கிள் பெரும்பாலும் பேசாது. அந்தந்த கம்பெனியின் மொழி தெரிந்த ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும். பழைய சுஸுகி வகை எம்பிஎஃப்ஐ கார்களில் ஸ்கேனர் இல்லாமலே, டயக்னோசிஸ் கப்ளரில் (ஒயர் இணைப்பில்) குறிப்பிட்ட முனையை எர்த் செய்தால் செக் இன்ஜின் விளக்கு மின்னி கோட் சொல்லும். 12 என்று மின்னினால் பதிவான கோளாறு எதுவும் இல்லை. எந்த முனை என்பதை மேனுவலில் பார்த்துச் செய்யுங்கள், ஊகத்தில் ஒயரைக் குத்தாதீர்கள்.

வண்டியை வெளிக்காற்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் பானெட்டுக்குள் வரக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. லீக் பார்க்கிறேன் என்று பெட்ரோலைத் துணியில் நனைத்துத் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அருகில் நிற்காதீர்கள்.

ஏறி நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா?

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கால் எடுத்ததை ஈசியூ அறிந்திருக்கிறது, ஆனாலும் ஆர்பிஎம் அதிகமாக இருக்கிறது என்று வையுங்கள். இறக்கத்தில் கால் எடுத்து உருள்வதாக நினைத்துக்கொண்டு அது பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழும். 1000 பக்கம் வந்ததும் ஆஃப் ஆகிவிடக்கூடாதே என்று மறுபடி பெட்ரோல் கொடுக்கும். அதிகப்படிக் காற்றுதான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே, உடனே ஏறும். மறுபடி கட். இந்தச் சுழற்சியைத்தான் நீங்கள் ‘ஊம்... ஊம்...’ என்று கேட்கிறீர்கள். ஆகவே சீரான இடைவெளியில், பெரிய வீச்சில் ஏறி இறங்கினால் இரண்டு விஷயம் கிடைக்கிறது: காற்று மிக அதிகமாக நுழைகிறது, த்ராட்டில் பொசிஷன் சென்சார் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

மாறாக 1500, 1800 என்று ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றால், பட்டர்ஃப்ளை மூடியதை ஈசியூ அறியவில்லையோ, அல்லது இன்ஜின் குளிராக இருப்பதாக நினைத்து அதுவே ஏற்றி வைத்திருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படலாம். 800-க்கும் 1000-க்கும் இடையே மெதுவாக, சோம்பலாக அசைவது மூன்றாவது வகை. அது பெரும்பாலும் காற்று, பெட்ரோல் கலவை சம்பந்தப்பட்டது. பிறகு பார்ப்போம்.

கருவி தொடாமல் பார்க்க வேண்டியவை

ஃப்ளோர் மேட் பெடலை அழுத்துகிறதா? சிரிக்காதீர்கள், இரண்டு மேட் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட வண்டிகளில் இது உண்டு. அடுத்து, த்ராட்டில் பாடியில் ஆக்சிலரேட்டர் கேபிளை விரலால் அசைத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பட்டர்ஃப்ளை முழுதாக மூடவில்லை. கேபிள் மாற்றிய பிறகோ, ‘பிக்கப் இல்லை’ என்று யாராவது கேபிளை இழுத்துக் கட்டிய பிறகோ இது வரும். கேபிளைத் தளர்த்தி, பட்டர்ஃப்ளையைக் கையால் திறந்து விடுங்கள். ‘டக்’ என்று தன் ஸ்டாப்பரில் வந்து உட்கார வேண்டும்.

அந்த ஸ்டாப்பரில் உள்ள ஸ்க்ரூவைப் பாருங்கள். கம்பெனியில் வைத்த இடத்தை அடையாளப்படுத்தப் பல வண்டிகளில் பெயின்ட் பொட்டோ மூடியோ இருக்கும். பெயின்ட் உடைந்து, ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அது ஐடிலிங் வைக்கும் ஸ்க்ரூ அல்ல. பட்டர்ஃப்ளை சுவரில் சிக்காமல் இருக்க வைத்த எல்லை. இப்போதைக்கு எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று படம் எடுத்து வையுங்கள், திருகாதீர்கள்.

பிறகு கூலன்ட். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள், ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கூலன்ட் குறைந்து காற்றுக்குமிழி தங்கினால் டெம்பரேச்சர் சென்சார் தண்ணீருக்குப் பதில் ஆவியைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில த்ராட்டில் பாடிகளில் மெழுகால் இயங்கும் ஃபாஸ்ட் ஐடில் வால்வு உண்டு. கூலன்ட் சூடு அதற்குப் போனால்தான் அது மூடும். சூடான தண்ணீர் போகவில்லை என்றால் கடைசிவரை திறந்தே கிடக்கும். காசே செலவில்லாமல், கூலன்ட் நிரப்பி ஏர் எடுத்ததோடு ஹன்டிங் நின்றுபோவது உண்டு.

விரல் சோதனை

வழிகாட்டியின் முதுகெலும்பு இதுதான். இன்ஜின் நன்றாகச் சூடாகி, கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றினால் த்ராட்டில் பாடியின் வாய் தெரியும். (காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் அந்தக் குழாயில் இருக்கும் வண்டிகளில் இதைச் செய்தால் இன்ஜின் தடுமாறும் அல்லது நின்றுவிடும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டிகளில் தாராளமாகச் செய்யலாம். நம் ஊர்ப் பழைய சிறிய கார்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.)

பட்டர்ஃப்ளைக்கு முன்னால் சுவரில் ஒரு துளை இருக்கும். ஐடில் வால்வுக்குப் போகும் காற்று அதன் வழிதான். சிலவற்றில் இரண்டு துளைகள், சிலவற்றில் துளைக்குப் பதில் தனி ஹோஸ். துளையை விரலால் மூடுங்கள், அல்லது ஹோஸைத் துணி சுற்றிய குறடால் நசுக்குங்கள்.

ஆர்பிஎம் விழுந்தது, இன்ஜின் நிற்கப் பார்க்கிறது என்றால் அதிகக் காற்று ஐடில் வால்வு வழியாகத்தான் போகிறது. வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது ஈசியூ திறக்கச் சொல்லியிருக்கிறது.

மாற்றமே இல்லை என்றால் அடுத்த கட்டம். இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸின் வாயை அடைத்துவிட்டு, தடித்த ரப்பர் ஷீட்டால் த்ராட்டில் பாடியின் வாயை முழுதாக மூடுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். இன்ஜின் உடனே நின்றால் பட்டர்ஃப்ளைக்குப் பின்னால் பெரிய லீக் இல்லை. பட்டர்ஃப்ளையே சரியாக மூடவில்லை, அதாவது கேபிள், ஸ்க்ரூ, அல்லது தகட்டின் ஓரத்தில் கரி. மூச்சை அடைத்தும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால், அது வேறு மூக்கால் சுவாசிக்கிறது. பட்டர்ஃப்ளைக்குப் பின்னால் எங்கோ ஓட்டை.

இதையே ஸ்கேனரில் பார்க்க முடிந்தால் இன்னும் சுத்தம். ஐடில் வால்வின் ஸ்டெப் அல்லது சதவீதம் அடிமட்டத்தில் இருந்தும் ஆர்பிஎம் அதிகம் என்றால், ஈசியூ மூடத்தான் முயல்கிறது, காற்று கேளாமல் வருகிறது. ஸ்டெப் உயரத்தில் இருந்து ஆர்பிஎம்மும் அதிகம் என்றால் ஈசியூவே கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேளாமல் வரும் காற்று

மேப் சென்சார் வண்டியில் லீக் இருந்தால் இன்ஜின் எப்போதும் ‘மிஸ்’ அடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்று எங்கிருந்து வந்தாலும் மேனிஃபோல்டு அழுத்தம் உயரும். ஈசியூ அதற்குத் தக்க பெட்ரோல் கொடுக்கும். அதனால் இன்ஜின் வழவழவென்று அழகாகவே ஓடும், வேகம்தான் கூடுதல். ஏர் ஃப்ளோ சென்சார் வண்டியில் இதற்கு நேர்மாறு: அளவுக்குள் வராத காற்று கலவையை மெலிதாக்கி உதறலைத் தரும். ஸ்கேனரில் ஐடிலில் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) ப்ளஸ்ஸில் எகிறி, 2500-இல் ஓரளவு சரியாகும்.

தேடும் வரிசை இதுதான், எளியதிலிருந்து கடினத்துக்கு.

மேனிஃபோல்டில் முட்டும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவிப் பாருங்கள். பார்வைக்கு முழுதாக இருக்கும், வளைத்தால் அடிப்பக்கம் வெடிப்பு தெரியும். எலி கடித்த ஹோஸ், பயன்படாத துளையில் மாட்டிய ரப்பர் மூடி காய்ந்து உதிர்ந்தது, இரண்டும் நம் ஊரில் சகஜம். ஓடும் இன்ஜினில் ஹோஸ்களை மேனிஃபோல்டுக்கு அருகே ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய குறடால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சட்டென்று இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில்.

இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வின் ஹோஸை நசுக்கினால் சற்றே இறங்குவது இயல்பு, கணிசமாக விழுந்தால் வால்வு திறந்து சிக்கியிருக்கிறது. கழற்றிக் குலுக்கினால் ‘கடகட’ என்று சத்தம் வர வேண்டும், ஊமையாக இருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் சார்கோல் கேனிஸ்டருக்குப் போகும் பர்ஜ் வால்வும் இப்படித்தான். சூடான ஐடிலில் பெரும்பாலான வண்டிகளில் அது மூடியிருக்க வேண்டும், கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி விரல் வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது.

மேனிஃபோல்டின் வாக்குவத்தால் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஐடிலில் பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். ஆர்பிஎம் மாறி, அப்படியே நின்றாலோ, பெடல் அருகே ‘உஸ்ஸ்’ சத்தம் நீடித்தாலோ பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். இன்ஜினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து வாக்குவத்தைக் காலி செய்து, மிதித்த காலோடு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஐடிலிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

இத்தனையும் நல்லபடி என்றால் மிச்சம் இருப்பவை இணைப்புகளை அடைக்கும் பேக்கிங்குகள்: மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது, த்ராட்டில் பாடிக்கு அடியில் இருப்பது, இன்ஜெக்டர் ஓ ரிங்குகள். இங்கே நான் தண்ணீரையே பரிந்துரைப்பேன். ஸ்ப்ரே பாட்டிலால் இணைப்பின் மேல் மெலிதாகத் தெளியுங்கள். வெடிப்பைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், அந்தக் கணத்தில் சத்தம் மாறும், சில சமயம் ‘சர்ர்’ என்று உறிஞ்சுவதும் கேட்கும். காயில், பிளக் ஒயர், கப்ளர்கள் மேல் படக்கூடாது. கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கும் முறையும் வேலை செய்யும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் எரியும் திரவத்தைப் பீய்ச்சுவது தீயோடு விளையாட்டு. புகை விட்டு லீக் பார்க்கும் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் அருகில் இருந்தால் அதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

ஐடில் வால்வு

விரல் சோதனையில் குற்றவாளி இந்தப் பக்கம் என்று தெரிந்தால், முதலில் கப்ளரில் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். இரண்டோ மூன்றோ என்றால் சொலினாய்டு வகை, நான்கோ ஆறோ என்றால் ஸ்டெப்பர் மோட்டார். ‘ஓடும்போது கப்ளரைப் பிடுங்கு, ஆர்பிஎம் மாறாவிட்டால் வால்வு போச்சு’ என்ற பிரபலமான சோதனை சொலினாய்டுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்டெப்பர் மோட்டார் கரன்ட் போனால் இருந்த இடத்திலேயே நிற்கும், அதனால் நல்ல வால்விலும் எதுவும் மாறாது. இந்த ஒரு குழப்பத்தால் குப்பைக்குப் போன நல்ல வால்வுகள் ஏராளம்.

கழற்றி, காற்றுப் பாதையில் படிந்த கரியைக் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு எடுங்கள். மோட்டாரின் உள்ளே, கப்ளர் பக்கம் கிளீனர் இறங்கக்கூடாது. ஸ்டெப்பரின் கூர்முனையைக் கையால் பலமாக உள்ளே தள்ளினால் அதன் மரை போய்விடும். ஓ ரிங் நசுங்கியிருந்தால் மாற்றியே போடுங்கள், பழையதைப் போட்டால் நீங்களே புது லீக்கை உண்டாக்குகிறீர்கள். காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். அதே நிலை என்றால், புதிது வாங்குமுன் ஈசியூ ஏன் திறக்கச் சொல்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஈசியூ கேட்டு வாங்கும் காற்று

பெரும்பாலும் ஈசியூவுக்குப் பொய்த் தகவல் போகிறது. முதல் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பல பழைய கார்களில் மீட்டர் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியூவுக்கு வேறொன்று. ஒற்றை ஒயர் உள்ளது மீட்டருக்கு, இரண்டு ஒயர் உள்ளது ஈசியூவுக்கு. ஆகவே ‘முள் பாதியில் நிக்குது, சென்சார் ஓகே’ என்பது தப்புக் கணக்கு. இரண்டு ஒயர் சென்சாரின் கப்ளரைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள். ஜப்பானிய, கொரிய வழி வந்த பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இருக்கும். சூடாக ஆகக் குறைந்துகொண்டே வர வேண்டும். சூடான இன்ஜினில் கிலோ ஓம் கணக்கில் காட்டினால், ஈசியூ உங்கள் வண்டி கொடைக்கானலில் நடுங்கிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

சென்சார் உண்மையையே சொல்லி, இன்ஜின் நிஜமாகவே சூடேறாமலும் இருக்கலாம். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு: ‘வெயில் ஊருக்கு எதுக்கு?’ என்று தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி, முக்கியமாக ஹைவேயில், வேலை செய்யும் சூட்டுக்கு வரவே வராது. ஐடிலிங் ஏறியே இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் பக்கத்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பல நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் வால்வு திறந்து சிக்கியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. மறுபடி போடச் சொன்னால் முகம் சுளிக்கும் மெக்கானிக்கிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது த்ராட்டில் பொசிஷன் சென்சார். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். சிக்னல் ஒயரில் வோல்ட் அளந்தால், மூடிய நிலையில் பொதுவாக அரை வோல்ட் பக்கம் இருந்து, பட்டர்ஃப்ளையை மெதுவாகத் திறக்கத் திறக்கத் தடங்கலின்றி 4 வோல்ட்டை நோக்கி ஏற வேண்டும். மூடியபோதே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கால் பெடலில் இருப்பதாகவே ஈசியூ நினைக்கும், ஐடில் கட்டுப்பாட்டையே கைவிட்டுவிடும். அந்த ஸ்டாப்பர் ஸ்க்ரூவை யாராவது திருகியிருந்தால் இந்த வோல்ட்டும் கெட்டிருக்கும். ‘செட்டிங்’ கோளாறை இரட்டிப்பாக்குவது இப்படித்தான்.

ஏசி சுவிட்ச், பவர் ஸ்டீயரிங் பிரஷர் சுவிட்ச் இரண்டும் ஆஃப் நிலையிலும் சிக்னல் கொடுத்துக்கொண்டிருக்கின்றனவா என்று ஸ்கேனரில் ஒரு பார்வை. பேட்டரி முனையில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சார்ஜிங் பலவீனமானால் சில ஈசியூக்கள் ஐடிலிங்கை உயர்த்தும்.

மெதுவாக, சோம்பலாக அசையும் மூன்றாவது வகைக்கு ஆக்சிஜன் சென்சார் கப்ளரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அசைவு நின்றால் சென்சார் கிழடு தட்டியிருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் லீக் இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு பதிவான கோட்-ஐ அழித்துக்கொள்ளலாம்.

எல்பிஜி கிட் இருந்தால்

எல்லாச் சோதனையையும் முதலில் பெட்ரோலில் செய்யுங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி கேஸில் மட்டும் ஹன்டிங் என்றால், திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசரின் செட்டிங் பக்கம் போங்கள். பெட்ரோலிலும் கோளாறு என்றால் கிட் மாட்டியவர் விட்டுச் சென்ற தடயங்களைத் தேடுங்கள்: மேனிஃபோல்டில் புதிதாகப் போட்ட துளை, கிளிப் இல்லாத டி இணைப்பு, டேப் சுற்றிய சென்சார் ஒயர். வேப்பரைசருக்குச் சூடு கொடுக்க கூலன்ட் ஹோஸிலிருந்துதான் இணைப்பு எடுத்திருப்பார்கள். ஏர் தங்கும் இடம் அங்கேயும் ஒன்று உண்டு. கேஸ் குழாயில் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டியா?

அம்பாசடரின் எஸ்யூ, பத்மினியின் சோலெக்ஸ், பழைய 800-இன் மிக்குனி, எதுவானாலும் இங்கே ஈசியூ கிடையாது. ஆகவே கேள்வி எளிது. சோக் கேபிள் முழுதாகத் திரும்பியதா, ஆக்சிலரேட்டர் இணைப்பு இறுகியிருக்கிறதா, ஏசி வண்டியில் ஐடில் அப் டயஃப்ரம் சிக்கியிருக்கிறதா? இவை ஏறி நிற்பதற்குக் காரணம். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை அதிகம் அட்வான்ஸ் வைத்தாலும் ஐடிலிங் ஏறும். ஏறி இறங்கினால் மெலிந்த கலவைதான் முதல் சந்தேகம். கார்புரேட்டரின் அடி பேக்கிங்கில் தண்ணீர் ஸ்ப்ரே சோதனை செய்யுங்கள், ஐடில் ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள். கம்பி விட்டுக் குடையக் கூடாது, துளை பெரிதாகிவிடும். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆடினால் எந்த ஸ்க்ரூவும் நிலைக்காது, புஷ் போட வேண்டும் அல்லது வேறு கார்புரேட்டர் தேட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

த்ராட்டில் பாடி சுத்தம் செய்ததும் ஐடிலிங் முன்னைவிட ஏறினால் பதறாதீர்கள். கரி அடைத்த பாதைக்கு ஏற்ப வால்வைக் கூடுதலாகத் திறந்து பழகிய ஈசியூ, பாதை சுத்தமானதை இன்னும் அறியவில்லை. பல பழைய வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கால் மணி நேரம் கழற்றி வைத்து மாட்டி, ஏசி, விளக்கு எதுவும் இல்லாமல் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம் விட்டால் கற்றுக்கொள்ளும். ஸ்டீரியோவுக்குக் கோட் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் செய்ய வேண்டிவரும். முன்பு யாரோ திருகிய ஸ்டாப்பர் ஸ்க்ரூவை மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவரும் நேரமும் இதுதான், எல்லா லீக்கும் அடைந்த பிறகே.

மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, ஏறிப் படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். பிறகு சூடான வண்டியை மாசுச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் எண்களைக் கேளுங்கள். அங்கே இருப்பது ஒரு கேஸ் அனலைசர், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல பரிசோதனை. ஐடிலில் பிஎஸ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). பிஎஸ் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். மோனாக்சைடு மட்டும் எகிறினால் கலவை கெட்டி: டெம்பரேச்சர் சென்சாரையும் தெர்மோஸ்டாட்டையும் மறுபடி பாருங்கள். மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் ஏறினால் மெலிந்த கலவையில் இன்ஜின் மிஸ் அடிக்கிறது: ஒரு ஓட்டை இன்னும் பாக்கி இருக்கலாம், ஸ்ப்ரே பாட்டிலோடு பேக்கிங் பக்கம் திரும்புங்கள்.